நிழல் தின்ற மக்ரூன்

தூத்துக்குடியில் கடலுக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவில், ஏழு வீடுகள் ஒரே முற்றத்தைப் பார்த்து நிற்கிற ஒரு காம்பவுண்டில், ஜெர்லின் என்கிற பத்து வயதுப் பிள்ளையின் நிழல், ஈஸ்டர் முடிந்த இரண்டாம் வாரம் சாயங்காலம் நாலரை மணிக்கு அவள் காலை விட்டுக் கழன்று, முற்றத்தைக் கடந்து, தெருவில் இறங்கி, தவமணி அண்ணாச்சியின் பேக்கரிக்குள் போய், கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த மக்ரூன்களில் நாலைந்தின் நிழலைத் தின்றுவிட்டு, விளக்குப் போடுகிற நேரத்துக்குள் ஒழுங்காக வீடு திரும்பியது. அந்நேரம் பிள்ளை வீட்டுக்குள் குப்புறப் படுத்துப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா பிலோமி வாசலை அடைத்து உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏழு மணிக்கு விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை முந்நூற்று எண்பது காட்டியது.

அந்த எண் என்ன செய்யும் என்று பிலோமிக்குத் தெரியும். தவக்காலம் தொடங்கிய வாரத்தில்தான் பிள்ளை குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, பாயை நனைத்து, சட்டை தொளதொளவென்று தொங்கும் அளவுக்கு இளைத்து, பள்ளிக்கூட அசெம்பிளியில் மயங்கி விழுந்து, நாலு நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது, இனிமேல் தினமும் நாலு ஊசி, ஆயுசுக்கும் போடணும் என்று டாக்டரம்மா சொன்னார். அதை பிலோமி நம்பினாள். கூடவே, "இதுல யார் மேலயும் தப்பு இல்ல" என்றும் சொன்னார் பாருங்கள், அதை மட்டும் அவள் நம்பவே இல்லை. அதெப்படி ஒருத்தர் தப்பும் இல்லாமல் பெற்ற பிள்ளை இப்படி ஆகும்? யார் கண் பட்டது, யார் என்ன கொடுத்தது, புருஷன் வழியில் யாருக்கு இருந்தது, மசக்கையில் தான் தின்ற மாம்பழமா என்று வரிசையாக எல்லோரையும் நிறுத்தி விசாரித்தாள். விசாரணை முடியவே இல்லை.

பிள்ளையைக் கூட்டிவந்த அன்றைக்கே வீட்டில் இருந்த சீனி, கருப்பட்டி, பிஸ்கட், ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய குளுக்கோஸ் பாக்கெட் எல்லாவற்றையும் வாரிக்கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டாள். அந்தக் காம்பவுண்டில் ஒரு பழக்கம் உண்டு. தீபாவளிக்கு ஒரு வீட்டிலிருந்து தட்டு வரும், ரம்ஜானுக்கு ஒரு வீட்டிலிருந்து வரும், கிறிஸ்துமஸுக்குப் பிலோமி வீட்டிலிருந்து போகும். வந்த தட்டை யாரும் வெறுமையாகத் திருப்ப மாட்டார்கள், ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். பிலோமி அதற்குப் பிறகு ஒரு கை கல்லுப்புப் போட்டுத் திருப்பினாள். எதிர்வீட்டுச் சண்முகத்தாய் அந்த உப்பைப் பார்த்து முகம் கறுத்தாள்.

முந்நூற்று எண்பதைப் பார்த்ததும் பிலோமி பிள்ளையின் வாயைத் திறந்து மோந்து பார்த்தாள். நகக்கண்ணைப் பார்த்தாள். பள்ளிக்கூடப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள்.

"உள்ளதச் சொல்லு ஏட்டி. என்னத்தத் தின்ன?"

"நான் ஒண்ணும் திங்கலம்மா. எழுதிக்கிட்டுதான் இருந்தேன். வாயில தானா இனிப்பு வருது."

பளாரென்று ஒரு அறை விழுந்தது. இனிப்பு தானாக வருமாம்! அடித்த கையோடு அழுதவளும் பிலோமிதான், ஆனால் அழுகை வந்தது என்பதற்காகச் சந்தேகம் போய்விடுமா என்ன. மறுநாளும் நாலரைக்கு நிழல் போயிற்று, மறுநாளும் எண் ஏறிற்று, மறுநாளும் பை கவிழ்ந்தது.

பேக்கரியில் இதற்குள் வேறு பிராது. மக்ரூன் சுண்ணாம்பு மாதிரி சப்பென்று இருக்கிறது என்று ஆட்கள் பொட்டலத்தோடு திரும்பி வந்தார்கள். முப்பது வருஷமாக முட்டை வெள்ளையும் முந்திரியும் அடித்துப் பழகிய கை அண்ணாச்சியுடையது. அவர் ஒவ்வொன்றாக எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சப்பென்று இருந்தவை எதற்கும் நிழல் விழவில்லை. நாலு நாள் கல்லாவில் கண்ணை மூடாமல் உட்கார்ந்து பார்த்து, ரெட்டைப் பின்னல் போட்டு அதில் ஒரு பின்னல் சற்றுக் குட்டையான நிழல் ஒன்று படியேறி வருவதைக் கண்டுபிடித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காம்பவுண்டுக்கு வந்து, ரேஷன் கடையில் பாமாயில் வந்திருக்கு என்று சொல்கிற தோரணையில் சொன்னார்.

"பிலோமி, ஒம் மவ நெழலு கடைக்கு வந்துட்டுப் போவுது. பிள்ளைய ஒண்ணும் சொல்லாத, பாவம். நெழலு மட்டுந்தான்."

"நெழலு தன்னால போவுமா அண்ணாச்சி? யாராச்சும் கூப்பிடாமயா போவும்?" என்று கேட்டாள் பிலோமி.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் பேசினார்கள், இரண்டாம் வாரம் பழகிவிட்டார்கள். பேக்கரியில் வாங்குகிறவர்கள் மக்ரூனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "நெழலு இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டு வாங்கினார்கள். நாலரைக்குத் தெருவில் சைக்கிள் விடுகிறவர்கள் அது கடந்து போகட்டும் என்று காலை ஊன்றி நின்றார்கள். ஞாயிறு வகுப்பில் மறைக்கல்வி சிஸ்டர், நிழல் தின்றதைப் பிள்ளை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லணுமா வேண்டாமா என்று சாமியாரிடம் கேட்டார், சாமியார் தனக்கு மேலே இருக்கிற மேற்றிராணியாரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார், மேற்றிராணியார் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அப்புறம்தான் வினை. சண்முகத்தாயின் மாமனார் இசக்கியா பிள்ளை பதினைந்து வருஷச் சர்க்கரை வியாதிக்காரர். ஆசையை அடக்க முடியாமல் நிழல் இல்லாத மக்ரூன் இரண்டைத் தின்றுவிட்டு மறுநாள் ரத்தம் கொடுத்துப் பார்த்தால், அளவு ஒரு புள்ளி கூட ஏறவில்லை. சப்பென்று இருந்தால் என்ன, மென்று விழுங்க மக்ரூன் என்று ஒன்று கிடைத்ததே! அவர் பத்துப் பேரிடம் சொன்னார், பத்துப் பேரும் ஊரிடம் சொன்னார்கள், ஊரில் மூன்றில் ஒருத்தருக்குச் சர்க்கரை. அண்ணாச்சி கடையில் 'நிழல் நீக்கிய மக்ரூன் கிடைக்கும்' என்று பலகை தொங்கியது. வீடுகளில் சீனி டப்பாவைத் திறந்து நாலரை வெயிலில் வாசலில் வைத்தார்கள். நிழல் வந்து தின்றுவிட்டுப் போனதும், அந்தச் சீனியை இரண்டு கரண்டி போட்டு மனநிறைவோடு டீ குடித்தார்கள். "வந்துட்டியாம்மா, வா வா" என்று அதைக் கூப்பிட்டு உபசரித்தார்கள். நிழல் பூசினாற்போல் ஆகி, கருகருவென்று பளபளத்தது. பிள்ளைதான் துரும்பாக இளைத்து, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

கூப்பிடாமல் போகுமா என்று பிலோமி அன்று கேட்டாளே, அது இப்போது நிஜமாயிற்று. ஒருநாள் அவள் நிழலின் பின்னாலேயே போனாள். ஆறு வாசல்களில் ஆறு டப்பா திறந்து இருந்தது. சண்முகத்தாய் வாசலில் மட்டும் டப்பாவுக்குப் பக்கத்தில், நிழல் உட்காருவதற்கு ஒரு பலகை வேறு போட்டு வைத்திருந்தது.

"எம் பிள்ளையக் கொல்லத்தான் எல்லாருமா சேந்து தட்டு வச்சிருக்கியளா?"

"இல்ல பிலோமி, மாமா டீயாவது குடிக்கட்டுமேன்னுதான்..." என்றாள் சண்முகத்தாய்.

"இனிமே எவளாச்சும் எம் பிள்ளைக்கு ஒரு பொட்டு சீனியக் கண்ணுல காட்டுனீய, மாதா மேல சத்தியமா போலீசுக்குப் போவேன். இந்த முத்தத்துல ஒருத்தர் மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன்."

மறுநாளிலிருந்து டப்பாக்களை வாசலில் காணவில்லை. வெளிச்சம் விழுகிற ஜன்னலுக்குள் போய்விட்டன, அவ்வளவுதான். நிழலும் நாலரை வரைக்கும் காத்திராமல் காலை வெயிலிலேயே கிளம்பத் தொடங்கியது.

டாக்டரம்மா நிழல் விஷயத்தைக் கேட்டுவிட்டு எழுதுவதைக்கூட நிறுத்தவில்லை. எத்தனையோ வீட்டில் எத்தனையோ கேட்டவர். ஊசியின் அளவை ஒரு தடவை கூட்டினார், அடுத்த மாதம் இன்னொரு தடவை கூட்டினார். "நெழல் திங்கிறதுக்கும் சேத்துத்தாம்மா இந்த அளவு. அது எப்பவாச்சும் திங்காம இருந்தா இந்த ஊசி பிள்ளைக்கு அதிகமாப் போயிடும், சர்க்கரை தரைக்கு இறங்கிடும். நடுங்குது, வேர்க்குதுன்னு பிள்ள சொன்னா மொதல்ல வாயில சீனியப் போடுங்க, கேள்வியெல்லாம் அப்புறம் கேளுங்க" என்றார். பிலோமி தலையாட்டினாள். சீனியைப் போடுங்க என்று ஒரு டாக்டரே சொன்னால், இவரையும் யாரோ பிடித்துவிட்டார்கள் என்றுதான் அவளுக்குப் பட்டது.

அதற்குத் தோதாக ஐப்பசியில் ஒருநாள் பிள்ளை, "தலை சுத்துதும்மா, எதாச்சும் தாயேன்" என்றாள். பிலோமி குத்திப் பார்த்தாள். இருநூற்று நாற்பது இருந்தது. சர்க்கரை ஏறினாலும் தலை சுற்றும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. "நடிக்கவும் படிச்சிட்டியா?" என்றாள். பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. அதிலிருந்து தனக்கு என்ன செய்கிறது என்று அது அம்மாவிடம் சொல்வதை நிறுத்திக்கொண்டது. கேட்டால் மட்டும் பதில் வரும், அதுவும் ஒற்றை வார்த்தையில்.

புருஷன் கிளாட்வின் உப்பளத்தில் மேஸ்திரி. வாய் திறந்தால் நாலு வார்த்தைக்கு மேல் வராத மனுஷன். "பிள்ளையக் கொஞ்சம் நம்பேன் பிலோமி" என்று அவன் ஒருநாள் சொன்னான். அன்றைக்கு ராத்திரி அவன் சட்டைப் பையையும் மோந்து பார்த்தாள்.

அரைப் பரீட்சை லீவு விட்டார்கள். பள்ளிக்கூடம் இல்லை, பிள்ளை பகல் முழுக்க வீட்டில். பிலோமி நாலு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். வெளிச்சம் இருந்தால்தானே நிழல்? மழைக்கு உப்புக் குவியலை மூடுகிற கருப்புத் தார்ப்பாயில் இரண்டைக் கிளாட்வினைக் கொண்டுவரச் சொல்லி, அவன் வேலைக்குப் போனதும், ஜன்னல், கதவு, ஓட்டில் பதித்த கண்ணாடி, சாவி ஓட்டை வரைக்கும் அடைத்தாள். மெயினை இறக்கினாள். மாதா படத்துக்கு முன்னால் எரிகிற சிவப்பு பல்பும் அணைந்தது. வீடு கும்மிருட்டு. அதற்கு முன்னமே, வெளிச்சம் இருக்கையிலேயே, பிள்ளைக்கு ஊசி போட்டு முடித்திருந்தாள், நிழலுக்கும் சேர்த்துக் கூட்டிய அதே அளவை. அளந்து இரண்டு இட்லி கொடுத்திருந்தாள். எட்டு மாசத்தில் முதல்முறையாக அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. இருட்டில் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஜெபமாலையை உருட்டினாள்.

பதினோரு மணி இருக்கும். நெடுநாள் கழித்துப் பிள்ளை தானாக வாயைத் திறந்தது.

"அம்மா, கை நடுங்குது."

பிலோமி மணியை நிறுத்தவில்லை.

"அம்மா, வேர்க்குது. கதவத் தொற."

வந்துட்டியா வழிக்கு, என்று நினைத்துக்கொண்டாள் பிலோமி. கதவைத் திறந்தால் ஒரு கீற்று வெளிச்சம் போதும், நிழல் பிய்த்துக்கொண்டு ஓடிவிடும். குத்திப் பார்க்கிற மெஷினை அமுக்கினாலும் அதில் பச்சை வெளிச்சம் வரும், அந்த வெளிச்சத்துக்கும் ஒரு நிழல் விழும். "பேசாமப் படு. ஒன் சூழ்ச்சியும் ஒன் நெழலு சூழ்ச்சியும் எனக்குத் தெரியும்" என்றாள்.

"சரிம்மா" என்றது பிள்ளை. அப்புறம் பேசாமலே கிடந்தது.

பேசாமல் கிடக்கிறதே என்று கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது. பிறகு அந்தச் சத்தமின்மையே அவளைப் பிடுங்கியது. இருட்டில் கையை நீட்டித் தொட்டாள். சட்டை, தலைமுடி, பாய் எல்லாம் தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் நனைந்திருந்தது. உடம்பு ஐஸாக இருந்தது. "ஜெர்லின்" என்று உலுக்கினாள், தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. டாக்டரம்மா சொன்னது முழுசும் அந்த ஒரு நொடியில் அவளுக்கு ஞாபகம் வந்தது, சூழ்ச்சி என்று எதை ஒதுக்கினாளோ அது வரிவரியாக வந்தது. தார்ப்பாயைக் கிழித்து, கதவைத் திறந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவந்தாள். வீட்டில் ஒரு பொட்டு சீனி இல்லை.

"சீனி குடுங்க. யாராச்சும் சீனி குடுங்க."

ஏழு வீட்டில் ஆறு வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். ஒருத்தரும் அசையவில்லை. சீனியைக் காட்டினால் போலீஸ் என்று சத்தியம் பண்ணியவள் கேட்கிறாள், இதில் என்ன உள்குத்து இருக்குமோ, நம்மைப் பிடித்துக்கொடுக்கத்தான் கேட்கிறாளோ என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. சந்தேகம் அந்த முற்றத்தில் எட்டு மாசமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது.

சண்முகத்தாய்தான் முதலில் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பார்த்தவள் உள்ளே ஓடி டப்பாவோடு வந்து ஒரு கை அள்ளினாள். வெயிலில் அவள் கைக்கு நிழல் விழுந்தது, விரலிடுக்கில் உதிர்ந்த சீனிக்கு விழவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்தாள். மணல். அடுத்த வீட்டு டப்பா வந்தது, அதுவும் மணல். ஆறு டப்பாவிலும் ஒரு பொட்டு நிழல் மிச்சமில்லை. அத்தனை பேரும் ஆசையாசையாகப் பிள்ளையின் நிழலுக்குக் கொடுத்துக் கொடுத்து, சொந்த வீட்டுச் சீனியைச் சக்கையாக்கி வைத்திருந்தார்கள். ஆட்டோ கூப்பிட ஒருத்தன் ஓடினான். இசக்கியா பிள்ளை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் கேட்டு அண்ணாச்சி வந்தார். விஷயத்தைப் பாதி கேட்டதுமே திரும்பி ஓடி, அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய மக்ரூன் தட்டைத் துணியோடு பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து, பிள்ளை கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் வெயிலில் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் அடியில் சின்னதாக, கருப்பாக, முழுசாக நிழல் இருந்தது.

பிள்ளையின் வாய் கிட்டித்திருந்தது. ஆனால் அவளுக்கு அடியிலிருந்து அந்த நிழல் மெல்லத் தலையை நீட்டியது. பளபளப்பெல்லாம் போய் நூலாக இருந்தது.

"போ. தின்னு" என்றாள் பிலோமி. "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், தின்னு தாயி."

நிழல் அவளைப் பார்த்தது. பார்த்துவிட்டுப் பிள்ளையின் முதுகுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. ஐப்பசியில் பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பினதே, அதே திரும்பல்.

"நீ பாத்துக்கிட்டிருந்தா அது திங்காது பிலோமி" என்றார் அண்ணாச்சி. "இத்தன மாசத்துல ஒருநாளாச்சும் ஒன் கண்ணுக்கு முன்னால அது வாய் வச்சிருக்கா? திரும்பிக்கோ."

சண்முகத்தாய் திரும்பினாள். இசக்கியா பிள்ளை திரும்பினார். முற்றமே பிள்ளைக்கு முதுகு காட்டி நின்றது. பிலோமி மட்டும் திரும்பவில்லை. அந்த நாலு நாள் ஆஸ்பத்திரியில், ஒரு நிமிஷம் அவள் காப்பி குடிக்கப் போனபோது மூச்சுத் திணறிய பிள்ளை அது. அன்றிலிருந்து அவள் கண்ணை எடுத்ததே இல்லை. எடுத்தால் போய்விடும் என்ற பயம்தான் இத்தனைக்கும் அடியில் இருந்தது, சந்தேகம் என்பதெல்லாம் அதற்குப் போட்ட மேல்சட்டை. திரும்பினால் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? அந்த நேரத்திலும் அண்ணாச்சி மேலேயே ஒரு சந்தேகம் வந்தது அவளுக்கு. அதையும் வைத்துக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டு, பிலோமி திரும்பினாள். தண்ணீர்க் குழாயையும் அதன் கீழே கட்டியிருந்த பாசியையும் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார், திரும்பிப் பார் என்று கழுத்து இழுத்தது. பார்க்கவில்லை.

"அம்மா."

பிள்ளை எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது, உதட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். பிலோமி ஓடிவந்து அவளை மடியில் போட்டுக்கொண்டு முற்றத்து நடுவில் ஊர் பார்க்க ஓவென்று அழுதாள். பிள்ளை அழவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எட்டு மாசமாக அம்மா அவளைப் பார்த்த மாதிரி.

"எத்தனன்னு கேக்கப்போற, அதானே" என்றாள் பிள்ளை.

"நீயாச் சொன்னாக் கேட்டுக்கிடுதேன்."

பிள்ளை யோசித்தாள். சொல்லலாமா என்று யோசித்தாளா, எண்ணினாளா தெரியாது.

"மூணு. இல்ல, மூணரை."

பிலோமி தலையாட்டினாள். தட்டு எட்டுகிற தூரத்தில் வெயிலில் கிடந்தது. நிழல் இருப்பது எத்தனை, இல்லாதது எத்தனை என்று ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும்.

அண்ணாச்சி குனிந்து தட்டை எடுத்தார். "எண்ணிப் பாக்கியா பிலோமி?"

"கொண்டுபோங்க அண்ணாச்சி" என்றாள் பிலோமி, பிள்ளையின் தலையைத் துவட்டிக்கொண்டே. "அவதான் சொல்லிட்டாள்ல."